ஏழு ஐந்துக்குக் குடித்த மோர்

படியின் கடைசிக் கல்லில் நின்று அவன் டைரியை மறுபடியும் விரித்தான்.

எதிரே மோர் வண்டி. பானை விளிம்புவரை நிறைந்திருந்தது. பக்கத்தில் தம்ளர்கள் வரிசையாகக் கவிழ்ந்து கிடந்தன. ஒன்றிலும் ஈரமில்லை.

மாடியில் தட்டச்சு வகுப்பு, ஆறு மணிப் பிரிவு. இயந்திரங்களின் சத்தம் ஜன்னல் வழியே கொட்டிக்கொண்டிருந்தது.

நேற்றிலிருந்து அங்கிருந்து ஒருவரும் மோர் குடிக்க இறங்கி வரவில்லை.

அவன் சொன்னதால்தான்.

செவ்வாய்க்கிழமை வகுப்பில் ஐந்து பேருக்கு வயிறு கெட்டது. அவனும் ஒருவன். மறுநாள் எல்லோரும் அவனைச் சூழ்ந்துகொண்டார்கள். எதையும் மணி போட்டு எழுதிவைக்கிறவன் அவன் மட்டும்தான்.

“ஏலே டைரி, பாத்துச் சொல்லு. எதுல வந்துச்சு?” என்று கேட்டான் ஆரோக்கியம்.

அவன் பக்கத்தைப் புரட்டினான். முதல் வரியிலேயே இருந்தது.

7.05. மோர், ஆளுக்கு ஒரு தம்ளர்.

7.40. வாந்தி.

மோர் என்றான்.

இன்று மதியம், வாரக் குறிப்புகளைச் சரிபார்க்கும்போதுதான் முந்தைய பக்கத்தின் அடிப்பகுதி கண்ணில் பட்டது.

5.30. கோமு பரீட்சையில் தேறியதற்கு முட்டை பப்ஸ். ஐந்து பேர் சாப்பிட்டோம். உள்ளே சில்லென்று இருந்தது.

6.40. வயிற்றைப் புரட்டுகிறது. மற்றவர்களுக்கும். மோர் குடித்தால் அடங்கும்.

அவனுடைய கையெழுத்துதான். அத்தோடு பக்கம் தீர்ந்திருந்தது.

மருந்தென்று தேடிப்போய்க் குடித்ததை நோயென்று சொல்லிவிட்டான்.

வகுப்பு தொடங்குமுன் எல்லோரிடமும் அந்தப் பக்கத்தைக் காட்டினான். கோமு சிரித்தாள்.

“நேத்து மோருன்ன. இன்னைக்கு எம் பப்ஸுங்குற. நாளைக்குத் தண்ணிம்பியா?”

ஆரோக்கியம் இயந்திரத்தில் தாளைச் சொருகிக்கொண்டே சொன்னான். “வயிறு கெட்டுக் கெடக்கும்போது மோரக் குடிச்சா இன்னும் புடுங்கும்ல. ஒனக்குத்தான் இன்னும் சரியாவலயே. நீ போய்க் குடி. நாங்க பாத்துட்டு வாரோம்.”

மோர் கெடுக்கவில்லை என்று டைரி சொன்னது.

குணமாக்கியது என்று அதில் எங்கும் இல்லை.

அவன் ஐந்தாவது முறையாக வாசித்தான். எழுத்து மாறவில்லை. டைரியை மூடாமலே தெருவைக் கடந்தான்.

வண்டிக்காரி செல்லக்கனி ஏற்கெனவே துடைத்த பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“என்ன தம்பி, குடிக்க வந்தீயளா, எழுத வந்தீயளா?”

அவன் தம்ளர் வரிசைக்கு எதிரே வந்து நின்றான்.

“நாளையிலேருந்து வண்டிய பஸ் ஸ்டாண்டு பக்கம் போட்டுருவேன். ஒங்க டைரிக்குப் பதில் சொல்லி எனக்கு ஆவாது.”

“தப்பு எம்மேலதான்க்கா. ஒரு தம்ளர் குடுங்க.”

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். வயிற்றின் மேல் இருந்த கையைப் பார்த்தாள்.

“வயிறு சரியாயிட்டா?”

“இன்னும் இல்ல.”

அகப்பை பானைக்கு மேலேயே நின்றது.

“அப்ப வேண்டாம். மறுபடி ஒங்களுக்கு ஒண்ணுன்னா, பஸ் ஸ்டாண்டுலயும் எவன் எங்கிட்ட வாங்குவான்?”

அவன் டைரியைப் பலகையில் வைத்து, ஒரு வரியின் கீழ் விரலை வைத்தான்.

அவள் குனிந்து எழுத்துக்கூட்டி வாசித்தாள். மோர். குடித்தால். அடங்கும். பிறகு ஓரத்திலிருந்த மணியைப் பார்த்தாள். பக்கத்தைத் தானே திருப்பி, அடுத்த மணியையும் பார்த்தாள்.



ஒரு தம்ளரை நிமிர்த்தினாள். பச்சை மிளகாயை ஒதுக்கினாள். உப்பைக் கொஞ்சம் கூட்டினாள். அடியைக் கலக்காமல் மேலாக மொண்டு ஊற்றினாள்.

மாடியில் ஒரு இயந்திரம் நின்றது. இன்னொன்று நின்றது. பிறகு எல்லாமே.

ஜன்னல் நிறையத் தலைகள்.

அவன் அண்ணாந்து குடித்தான். உப்பு. பெருங்காயம். தொண்டையிலிருந்து கீழே இறங்கும் குளிர்ச்சி.

வயிறு ஒருமுறை புரண்டது.

கை தானாக அங்கே போகப் பார்த்தது. அதைப் பேனாவுக்குக் கொண்டுபோனான்.

வியாழன், 6.20. மோர், ஒரு தம்ளர்.

எதிரே பலனுக்கான இடம். இரண்டு மணி நேரம் கழித்துத்தான் அதை நிரப்ப வேண்டும். அவனே வைத்த விதி. இதுவரை மீறியதில்லை.

இரண்டு மணி நேரம் யாரும் ஜன்னலில் நிற்கப் போவதில்லை.

அந்த இடத்தை வெறுமையாக விட்டுப் பேனாவை மூடினான். தம்ளரை நீட்டினான்.

“இன்னொண்ணு ஊத்துங்க.”

மேலே கேட்கும்படி சொன்னான்.

செல்லக்கனி ஊற்றினாள். இந்த முறை மிளகாயை ஒதுக்கவில்லை.

அவன் பாதி குடித்திருக்கும்போது மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. ஒருவருடையது. சற்றுப் பொறுத்து, இன்னும் ஒருவருடையது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கவிழ்ந்திருந்த தம்ளர்களில் இரண்டை எடுத்துக் கழுவத் தொடங்கினாள்.