ஜீப்பில் ஏறினாளா?

“அவ ஜீப்புல ஏறினாளா, ஏறலையா? அத மட்டும் சொல்லுங்க.”

கேட்டுவிட்டு முத்துப்பிரியா எதிரே நின்றவன் முகத்தையே பார்த்தாள். வினோத்குமார் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டான். போலீஸ் ஸ்டேஷனில்கூட யாரும் அவனை இப்படி நிறுத்திக் கேட்டிருக்க மாட்டார்கள், பாவம்.

அவன் வந்திருந்தது பெண் பார்க்க. கீழே கூடத்தில், ராசிங்காபுரத்திலிருந்து வந்த அவன் வீட்டார் கேசரி தின்றுகொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையிடம் தனியாகப் பேசியே தீரணும் என்று பெண் அடம்பிடித்ததால் இரண்டு பேரையும் மொட்டை மாடிக்கு அனுப்பியிருந்தார்கள். படிக்கட்டில் அத்தை ஈஸ்வரி காவல்.

ஜீப்பில் ஏறவேண்டியவள் ஒரு நாவலின் நாயகி. ஏலத்தோட்டத்தை விட்டுக் காதலனோடு போவதா, சீக்காளித் தகப்பனோடு கிடப்பதா என்று புத்தகம் முழுக்கத் தவிப்பவள். அதை எழுதியவர் என்றால் முத்துப்பிரியாவுக்கு உயிர். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் சோணை அண்ணன் நடத்தும் வாடகை நூலகத்தில் அந்த நாவல் ஒரே ஒரு பிரதி உண்டு. போடியில் கதை படிக்கிற வீடுகள் எல்லாவற்றுக்கும் அது போய்வந்திருக்கிறது.

பள்ளிக்கூட நாளிலிருந்து அவள் அதை எத்தனை முறை எடுத்திருப்பாள் என்று சோணை அண்ணனுக்கே தெரியாது. ஒவ்வொரு தடவையும் போன தடவை அழாத இடத்தில் அழுவாள். கடைசியில் ஜீப்பு உறுமுகிறது, நாயகி ஏறாமல் வளைவில் தனியாக நிற்கிறாள். அவ்வளவுதான், ‘முற்றும்’ என்றுகூடப் போடவில்லை. வேறு எந்த எழுத்தாளருக்கு இந்தத் துணிச்சல் வரும் என்று தோழிகளிடம் சண்டைக்கே போவாள்.

படிக்கிறவனைத்தான் கட்டுவேன் என்பது அவள் பிடிவாதம். பெண் பார்க்க வருகிறவன் எவன்தான் படிக்கமாட்டேன் என்பான்? அதற்குத்தான் இந்தக் கேள்வி. போன தடவை வந்த கம்பத்து வாத்தியார் கண் சிமிட்டாமல் “ஏறிட்டா” என்றார். சினிமாவை நினைத்து அடித்துவிடுகிறான் புளுகுமூட்டை என்று அன்றைக்கே வேண்டாம் என்றுவிட்டாள். அவள் அப்பா தவசிக்குச் சொந்தக்காரர்கள் முகத்தில் விழிக்க முடியவில்லை.

இன்று காலையில் தவசி முடிவாகச் சொல்லிவிட்டார். இவனையும் தட்டிக்கழித்தால் தேவாரத்து மாமன் மகன் தங்கபாண்டிக்கு வாக்குக் கொடுத்துவிடுவாராம். தங்கபாண்டி நல்லவன்தான். ஆனால் அவள் கையில் புத்தகத்தைப் பார்த்தால் போதும், வேறு சோலி இல்லையா என்பான்.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், வினோத்குமாரை அவளுக்குப் பிடித்துப்போயிருந்தது. போடிமெட்டுக்கு மேலே அவனுக்கு ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர் இருக்கிறது. காய் காயும்வரை அடுப்புப் பக்கத்திலேயே உட்கார்ந்து சூட்டைப் பார்க்கவேண்டும். அங்கேதான் படிப்பானாம், மாடிக்கு வந்ததுமே சொன்னான்.

“படிச்ச புஸ்தகத்தத்தாங்க எடுத்துட்டுப் போவேன். புதுசுன்னா அதுலயே முங்கிப்போயி காயக் கருக விட்டுருவேன். பழசுன்னா ஒரு கண்ணு அடுப்புல இருக்கும். அதோட, கத தெரிஞ்சப்பறந்தான் எழுதினவரு எங்கெங்க என்னத்த ஒளிச்சு வெச்சாருன்னே தெரியுது.”

இந்தப் பேச்சில் அவள் பாதி கல்யாணமே முடித்துவிட்டாள். கேள்வியைக் கேட்காமல் கீழே இறங்கிவிடலாமா என்றுகூட இருந்தது. அவளுக்குப் பிடித்த அந்த நாவல்கூட மதுரையில் பழைய புத்தகக் கடையில் தேடி வாங்கியது தன்னிடம் இருக்கிறது என்றான். அப்புறம் எப்படிக் கேட்காமல் இருப்பது?

“ஏறிட்டா” என்றான் வினோத்குமார்.

படிக்கட்டிலிருந்து அத்தை, பெரியவங்க காத்திருக்காங்க, வெரசா வாங்க என்று குரல் கொடுத்தாள். யாருக்கும் கொடுக்காத இரண்டாவது வாய்ப்பை முத்துப்பிரியா இவனுக்குக் கொடுத்தாள்.

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

இந்த இடத்தில் எந்தப் புளுகனும் சட்டென்று மாற்றிச் சொல்லியிருப்பான். இருப்பதே இரண்டு பதில்தானே. மாற்றிச் சொல்லடா பாவி என்று அவளே உள்ளுக்குள் வேண்டிக்கொண்டாள்.

“யோசிக்க என்னங்க இருக்கு? போன வாரங்கூடப் படிச்சேன். ஏறிட்டா.”

அவ்வளவு அழகாகப் பேசியதும் பொய், அடுப்பும் பொய், மதுரைக் கடையும் பொய். தங்கபாண்டியின் முகம் கண்முன்னே வந்து நின்றது. அழுகையும் ஆத்திரமுமாக விறுவிறுவென்று படிக்கட்டுக்கு நடந்தாள்.

“வேணாம்னு சொல்லிருங்கத்தே.”

ஈஸ்வரி அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். “அடியே, அண்ணன் தாங்காதுடி. அந்தப் பையனுக்கு என்ன கொற?”

“பொய் சொல்றாரு. அந்தப் புஸ்தகத்த அவரு கையிலயே எடுத்ததில்ல.”

கையை உதறிவிட்டு இரண்டு படி இறங்கிவிட்டாள். பின்னாலிருந்து அவன் குரல் வந்தது. கோபமாக இல்லை, ஏதோ சந்தேகம் தட்டியவன் கேட்பதுபோல இருந்தது.

“ஒரு நிமிசங்க. நீங்க படிச்சது சோணை அண்ணன் கடப் புஸ்தகமா?”

“ஆமா. அதுக்கென்ன இப்ப?” அவள் திரும்பவில்லை.

அவன் சாவுச்செய்தி சொல்ல வந்தவன் மாதிரி குரலைத் தணித்துக்கொண்டான்.

“நானும் மொதல்ல அதத்தாங்க படிச்சேன். அதுல கடைசித் தாளு கெடையாது.”