நாற்பதாவது நிமிடம்

மருந்து பட்டதும் செல்லுக்குள் ஒரு புரதம் ஏறி இறங்குவதைக் கணினியில் வளைகோடாக்கியிருந்தார் பேராசிரியர் சடகோபன். எஸ்தர் ஆய்வகத்தில் அளந்து தந்த புள்ளிகளில் நாற்பதாவது நிமிடத்துப் புள்ளி மட்டும் கோட்டில் உட்காரவில்லை. அதை அழித்துவிட்டார்.

“ஆறு தடவை அளந்தேன் சார். ஆறு தடவையும் அங்கதான் வந்துச்சு.”

“தப்பு பண்ணினது உன் செல்தாம்மா, என் ஈக்வேஷன் இல்ல.”

எஸ்தருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குப்பிகளில் பெயரெழுதும் அழியாத மைப் பேனாவை எடுத்து, அவருடைய திரையிலேயே, அந்தப் புள்ளி இருந்த இடத்தில் அழுத்தி ஒரு பொட்டு வைத்துவிட்டுப் போனாள்.

அவர் கைக்குட்டையால் தேய்த்தார். போகவில்லை. எந்த வரைபடத்தைத் திறந்தாலும் அது நின்றது. எல்லாவற்றையும் மூடிவிட்டு மகளின் கல்யாணப் படத்தைத் திறந்தார். பொட்டு அவள் நெற்றிக்கு ஒரு விரற்கடை தள்ளி நின்றது.

பல்லைக் கடித்துக்கொண்டு, படத்தை ஒரு விரற்கடை நகர்த்தினார்.