உள்ளங்கையில் ஒரு மிதி

இன்றும் கிளட்ச் கிடைக்காவிட்டால், இருபத்தாறு வருடமாக ஓட்டிய வெளிநாட்டுக் காரை நாளை எடைக்குப் போட்டுவிடுவதாக அருள்தாஸ் மனைவியிடம் ஒப்புக்கொண்டிருந்தார். கார் செய்த கம்பெனியே அதற்கான பாகங்களைச் செய்வதை நிறுத்திவிட்டது. கழற்றிக் கொண்டுவந்த பழைய கிளட்ச் தட்டில் எண் தேய்ந்துபோயிருந்தது. பழைய பாகங்கள் விற்கும் ஜலால் பாய் அதைப் பார்க்கவேயில்லை. தரையில் குந்தி, உள்ளங்கையை விரித்து நீட்டினார்.

"செருப்ப கழட்டிட்டு மிதிங்க சார்."

"ஐயோ, மனுசன் மேல கால் வைக்கலாமா பாய்?"

"பின்ன, இத்தன வருசமா கிளட்ச்ச கையாலயா மிதிச்சீங்க?"

அருள்தாஸ் கூச்சத்தோடு இடது காலை வைத்தார். அந்தக் கை சற்று இறங்கியது, தயங்கியது, பிறகு முழுக்க இறங்கியது. அவருடைய காரின் கிளட்ச் மிதியேதான். காலை மெல்லத் தளர்த்தினார். கையும் கூடவே எழுந்து வந்தது.

"பாதிக்கு மேல வந்துதான் பிடிக்குது, இல்ல?"

அருள்தாஸ் தலையாட்டினார்.

ஜலால் பாய் கூரைவரை குவிந்திருந்த இரும்பின்மேல் ஏறினார். தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, உள்ளங்கையை வைத்துப் பார்த்து, வீசினார். திடீரென்று வீசும் ஓசை நின்றது. ஏதோ ஒன்றின்மேல் கையை வைத்து, கண்களை மூடி, மெதுவாக அழுத்தினார். கடை வாசலில் நின்ற அருள்தாஸின் இடது காலுக்கடியில் தரை சற்று இறங்கியது, தயங்கியது, பிறகு முழுக்க இறங்கியது.