விடு

பாட்டுக்கார ஜெரின் சுமைதூக்கும் மாடக்கண்ணுவுக்குத் தரவேண்டிய கூலி இரண்டாயிரத்து நானூறு ரூபாய். பதிவு அறைக்கு ஸ்பீக்கரை ஏற்றும்போது ஜெரின் அவசரப்பட்டு நெட்டித் தள்ளியதில் மாடக்கண்ணுவின் விரல்கள் சுவரோடு நசுங்கின. "விடு, விடு" என்று அலறினார். திறந்திருந்த மைக்கில் அதுவும் பதிந்துவிட்டது. ஜெரின் அழிக்கவில்லை.

ஜெரினின் இசைக்குழுவின் முதல் ஆல்பம் வந்தது. முதல் தடவை வெறும் இரைச்சல்தான், கேட்கக் கேட்கத்தான் கிதாருக்கு அடியில் அந்தக் குரல் பிடிபடும், என்ன ஞானம் என்று கல்லூரிப் பிள்ளைகள் உருகினார்கள்.

கச்சேரிக்கு வந்து மாடக்கண்ணு கூலி கேட்டார்.

"மேடையில அதே மாதிரி கத்துங்கண்ணே, தந்துடுறேன்."

கோணிப்போன விரல்களால் மைக்கைப் பிடித்துக் கத்தினார்.

"ஆல்பத்துல இருக்கிற வலி இதுல இல்லையேண்ணே," என்றான் ஜெரின். "கூலியை விடுங்க."

கூட்டம் மொத்தமும் எழுந்து நின்று, அவரைப் பார்த்து, "விடு, விடு" என்று பாடியது.

மாடக்கண்ணு விட்டுவிட்டார்.