கேமராவை அணைங்க

"எல்லாரும் கேமராவை அணைச்சாச்சா?"

மீட்டிங்கில் தலைவி கேட்கும் முதல் கேள்வி இதுதான். வணக்கம்கூட அப்புறம்தான்.

திரையில் மூன்று கறுப்புக் கட்டங்கள். மூன்று பேருக்கும் மூன்று ஊர். நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை. தலைவி எழுதுவாள், எடிட்டர் வெட்டி ஒட்டுவான், ஒரு பெண் குரல் கொடுப்பாள். வீட்டில் ஆபத்து என்றால் உடனடியாக என்ன செய்யலாம் என்று ஓர் அறக்கட்டளைக்காகச் சின்னச் சின்ன வீடியோ போடுகிற குழு.

"தீக்காய வீடியோ எத்தனை பேர் பார்த்திருக்காங்க?"

"முந்நூறு பேர்தான் அக்கா. அதுல பாதி நம்ம சொந்தக்காரங்க," என்றான் எடிட்டர்.

"பூனை தும்முற வீடியோவுக்கு நாலு லட்சம்," என்றாள் குரல் பெண்.

"அப்போ பூனைக்குத் தீக்காயம்னு போட்டுடலாமா?" என்றான் எடிட்டர்.

தலைவியும் சிரித்தாள். பிறகு சொன்னாள்.

"முதலுதவின்னு ஆரம்பிச்சா எவன் நின்னு பார்ப்பான்? அடுப்புல சுட்டுக்கிட்டதும் எல்லாரும் பற்பசையைத்தானே தேடி ஓடுறோம்? 'அந்தப் பற்பசையைக் கீழே வைங்க'ன்னு ஆரம்பிங்க. அப்புறம் குழாய்த் தண்ணியைக் காட்டுங்க."

மாற்றிப் போட்டார்கள். வாரம் முடிவதற்குள் அது ஊர் ஊராகச் சுற்றியது. எடிட்டரின் மாமியாரே அதை அவனுக்கு அனுப்பி, 'இதையெல்லாம் பார்த்துக் கத்துக்கோங்க மாப்பிள்ளை' என்றாள்.

வேலை தெரிந்தவள்தான். ஆனால் ஏன் இப்படி ஒளிகிறாள்?

"தலைக்கு டை அடிக்கலை போல," என்றான் எடிட்டர், குரல் பெண்ணிடம் போனில்.

"தினமுமா அடிக்காம இருப்பாங்க? எனக்கென்னமோ முதல் மீட்டிங்குக்கு அப்புறம் பல்லு விழுந்திருக்கும்னு தோணுதுண்ணே."

"நைட்டியோட உட்கார்ந்து நம்மளை மேய்க்குது அந்தம்மா. நான் பாரு, தனி ஆபீஸ் ரூம் போட்டு, சட்டை மடிப்புக் கலையாம உட்கார்ந்திருக்கேன். எவன் பார்க்கிறான்?"

கொஞ்ச நாளில் அறக்கட்டளைச் செயலாளர் மீட்டிங்கில் வந்து ஒரு யோசனை சொன்னார்.

"வீடியோ செய்யறவங்க யாருன்னு ஜனங்களுக்குக் காட்டுவோம். முகம் தெரிஞ்சா நம்பிக்கை வரும், இன்னும் நாலு பேர் பகிர்வாங்க. உங்க முதல் மீட்டிங்ல மட்டும் எல்லாரும் முகம் காட்டினீங்களாமே? அதுல ஒரு நிமிஷம் எடுத்துப் போடுங்க."

"அது அழிஞ்சு போச்சு சார்," என்றாள் தலைவி, பட்டென்று.

எடிட்டருக்குச் சுருக்கென்றது. குழுவின் பொதுச் சேமிப்பில் இருந்ததை வேண்டுமானால் அவள் அழித்திருக்கலாம். அவன் கணினியில் ஒரு நகல் இருக்கிறதே. வெறும் அறிமுகம்தானே என்று அவன் அதைத் திறந்து பார்த்ததுகூட இல்லை.

மீட்டிங் முடிந்ததும் செயலாளரைக் கூப்பிட்டான்.

"பச்சைப் பொய் சார். என்கிட்ட இருக்கு."

"அப்படியா? பொய் சொல்றவங்களை நம்பி அறக்கட்டளை பேரைக் கொடுக்க முடியாது தம்பி. இப்பவே ஓட்டிப் பாருங்க, நான் லைன்லயே இருக்கேன். ஏதாவது கோளாறுன்னா அவங்க நாளையிலேர்ந்து வேண்டாம். அந்த இடத்துக்கு நீங்களே வந்துடுங்க."

எடிட்டர் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வீடியோவை ஓடவிட்டான்.

முதலில் தலைவி. படிய வாரிய தலை, பளிச்சென்ற சிரிப்பு. பல் எல்லாம் இருந்த இடத்தில் இருந்தது.

"ஒண்ணும் குறையாத் தெரியலையே சார்..."

"பொறுமையாப் பாருங்க."

குரல் பெண் குனிந்து, கையிலிருந்த தாளைப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். மூன்றாவது கட்டத்தில் எடிட்டர். அவனுக்குப் பின்னால் கண்ணாடிச் சுவரும் புத்தக அலமாரியுமாக ஓர் ஆபீஸ். கணினி போட்டுக்கொடுத்த வெறும் படம். ஆள் உருவத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் அது மூடிவிடும்.

படத்தில் எடிட்டர் சார்ஜரைச் செருகக் குனிந்தான். கட்டத்தைவிட்டே மறைந்தான்.

கணினி வேறு ஆளைத் தேடியது. கண்டும் பிடித்தது.

கண்ணாடி ஆபீசுக்கு நடுவில் அவன் மனைவி வந்து நின்றாள். படுத்த படுக்கையாக இருக்கும் அவன் அப்பாவைத் தோளோடு சேர்த்துத் தூக்கி, நனைந்துபோன துணியை உருவிக்கொண்டிருந்தாள். அப்பாவின் உடம்பில் வேறு எதுவும் இல்லை.

தலைவியின் கண் ஒரு கணம் விரிந்தது. குரல் பெண் இன்னும் தாளிலிருந்து நிமிரவில்லை.

"நிறுத்துங்க, நிறுத்துங்க! என் லைன் இழுக்குது. எல்லாரும் உடனே கேமராவை அணைங்க. தம்பி, உங்களோடதை நானே அணைச்சுட்டேன். இனிமே நம்ம குழுவுல கேமராவே வேண்டாம். முகத்தைக் காட்டிப் பேசறது எனக்கு ஆகாது," என்றாள் தலைவி.

சார்ஜரோடு அவன் நிமிர்வதற்குள் எல்லாக் கட்டங்களும் கறுத்துப்போயின.

எடிட்டர் மெல்லத் திரும்பிப் பார்த்தான். அதே அறை. அதே கட்டில். அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். மனைவி சத்தமில்லாமல் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன தம்பி, பார்த்தாச்சா? சொல்லுங்க, எதைத்தான் மறைச்சாங்க அந்தம்மா?"

"என்னைத்தான் சார்."