சனிக்கிழமை எண்ணெய்

வெந்நீர் ஊற்றுக் குளத்தில் கழுத்தளவு அமிழ்ந்திருந்த மரகதம், தலையிலிருந்து நல்லெண்ணெய் வழிய வந்து நின்ற கணவரைப் பார்த்துத் திடுக்கிட்டாள். சுற்றுலா வந்த இடம்; சுற்றிலும் பனிமலை. இருவருக்குமே இது இரண்டாம் கல்யாணம்; மூன்று மாதமாகியும் ஒருவர்மேல் ஒருவர் விரல்கூடப் பட்டதில்லை. எண்ணெயோடு இறங்கக் கூடாது என்று காவலாளி கையை விரித்து மறித்தார்.

"சனிக்கிழமையாச்சே, வெந்நீரும் இருக்குன்னாங்களேன்னு..." துரைக்கண்ணு சீயக்காய்ப் பொட்டலத்தோடு குளிரில் வெடவெடத்தார். குளத்தில் யாரோ சிரித்தார்கள்.

மரகதத்துக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஈரச் சுடிதாரோடு ஏறி வந்து, பொட்டலத்தைப் பிடுங்கி, அவரை வெளியே இருந்த வெந்நீர்க் குழாயடியில் உட்காரவைத்தாள்.

"தலையக் குனிங்க."

பின்மண்டையில் ஒரு பழைய தழும்பு விரலில் தட்டுப்பட்டது. அதை மட்டும் மெதுவாகத் தேய்த்தாள்.

"கண்ணு எரியுதா?"

"இல்லியே" என்றார், கண்ணில் நீர் கொட்ட.

மூன்றாம் முறை அலசியதும் விரலுக்கடியில் முடி கிறீச்சென்றது. காவலாளி எட்டிப் பார்த்து, இறங்கலாம் என்று தலையசைத்தார்.

"எண்ணெ இன்னும் போகல" என்று மரகதம் மறுபடியும் சீயக்காயைக் குழைத்தாள்.

"ஆமா, போகவே இல்ல" என்றார் துரைக்கண்ணு, தலையை இன்னும் கொஞ்சம் குனிந்துகொண்டு.