சாருமதியின் பதிலாள்

வயிற்று வலியில் ஆபீசிலேயே மயங்கி விழுந்து, ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பிய சாருமதி, முதல் வேலையாக ஓசூரில் வேலை பார்க்கும் கணவனைப் போனில் பிடித்தாள்.

“ஒரு எட்டு வந்து பார்க்கத் தோணலையா பரிதி உனக்கு?”

“உன் ஆபீஸ்ல சொன்னாங்கதான். அன்னிக்குச் சாயங்காலமே கேம்ல உன்கிட்ட கேட்டேனே! ‘சும்மா வாய்வு, நீ அடுத்த லெவலுக்கு வா’ன்னு சிரிச்சியே.”

“அது நான் இல்லடா! எனக்கு அப்ப வயித்தைக் கிழிச்சிட்டிருந்தாங்க!”

சாருமதிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பரிதி சொன்ன கேம், வீடியோ கேம் பிரியர்களுக்குத் துணை தேடித்தரும் தளம் ஒன்றில் இருந்தது. அவர்கள் இருவரும் ஜோடி சேர்ந்ததும் அதில்தான். தன் ஆபீசுக்காக அதை வடிவமைத்தவளும் அவள்தான். ஆட்டத்துக்கு ஒருவர் வராமலோ நடுவே விட்டோ போனால் மற்றவர் மனம் நோகக் கூடாதென்று, அவர் குரலிலேயே பேசி விளையாடும் கம்ப்யூட்டர் பதிலாளை அவளே வைத்திருந்தாள்.

பரிதியின் அழைப்பைத் துண்டித்துவிட்டு முதலாளியைக் கூப்பிட்டாள். “அந்தப் பதிலாளைத் தூக்கித் தொலைங்க சார்!”

“ஏம்மா கத்துற? இத்தனை லட்சம் ஜோடி இருக்கு. ஒருத்தர்கூடப் புகார் பண்ணலையே.”

“யாருக்குத் தெரியுது சார், புகார் பண்ண?”

கையிலிருந்த டம்ளரைச் சுவரில் அடித்தாள். தையல் சுரீரென்று இழுத்தது. பதிலாளைத் தானே தூக்கிவிடுவது என்று கம்ப்யூட்டரைத் திறந்தாள்.

ஆட்டத்தில் பரிதி ஏற்கெனவே வந்து காத்திருந்தான். “கோபம் போயிடுச்சா சாரு?”

அவள் வாய் திறக்குமுன் ஸ்பீக்கரில் அவள் குரல் கொஞ்சியது: “அது எப்பவோ போயிடுச்சுடா!”